ஒரே கதவு எண்ணில் வசிப்பவர்கள்

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த அன்று நாங்கள் நாற்பது பாக்கெட் வெண்ணெய் பிஸ்கட்டும் பன்னிரண்டு ரொட்டியும் கட்டி முடித்திருந்தோம். நாங்கள் என்றால் நானும் அக்காவும். அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணனின் மனைவி. ஓரகத்தி என்று சொன்னாலே எல்லாரும் கீரியையும் பாம்பையும் நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் நான் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. பதினெட்டு வருடம் ஒரே அடுப்படியில் சண்டை இல்லாமல் நின்றோம் என்றால் அதற்குப் பாதிக் காரணம் அக்காவின் பொறுமை. மீதிப் பாதியும் அக்காவின் பொறுமைதான். எனக்கு அந்தச் சரக்கு கிடையாது.

வீட்டுச் சமையலறையில் செய்த தின்பண்டங்களை நாங்கள் வெளியில் விற்பதாகத் தெரிய வருகிறதாம். முப்பது நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கடிதத்தில் இவ்வளவுதான். யார் போட்டுக் கொடுத்தது என்று எழுதவில்லை. தெருமுனை பேக்கரிக்காரர்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போற?" என்றாள் அக்கா.

"நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டு வரேன்."

"கேட்டா? கடிதம் திரும்பிப் போயிடுமா? சட்டம்னு ஒண்ணு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நாம சுத்தமாத்தானே செய்றோம்? வந்து பார்க்கட்டும்."

செருப்பைக் கழற்றினேன். இப்போது நினைத்தால், அன்றைக்கு பேக்கரிக்காரரோடு தெருவில் நின்று கத்தியிருந்தால்கூட இவ்வளவு கெட்டுப் போயிருக்காது.

எங்களுக்குள் வேலைப் பிரிவினை இப்படி: மாவு பிசைவது, உப்ப வைப்பது, சுடுவது எல்லாம் அக்கா. போனில் ஆர்டர் எடுப்பது, பாக்கெட் போடுவது, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, காகிதம் பார்ப்பது எல்லாம் நான். அக்காவுக்கும் படிக்கத் தெரியும். ஆனால் அரசாங்கத் தமிழைப் பார்த்தால் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். "எங்க போடணும்?" என்று கேட்பாள். நான் விரல் வைத்த இடத்தில் போடுவாள். எரிவாயு இணைப்பு, வங்கி, ஓவன் வாங்கிய கடை, எல்லாக் காகிதமும் அப்படித்தான் ஓடியது.

விதிமுறைப் புத்தகம் இருபத்திரண்டு பக்கம். உடைந்திருந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றினோம். மிதித்தால் திறக்கும் குப்பைத் தொட்டி வாங்கினோம். விளக்குக்கு மூடி போட்டோம். குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு பேரும் மருத்துவரிடம் போய் நாக்கை நீட்டிக் காட்டிச் சான்றிதழ் வாங்கி வந்தோம். ஒவ்வொரு பண்டத்துக்கும் கிராம் கணக்கில் அளவு எழுத வேண்டும் என்று ஒரு விதி. அக்கா கை போட்டு அள்ளுகிற ஆள். நான் தராசை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உப்பை மூன்று விரலால் கிள்ளித் தராசில் போட்டாள். ஆறு கிராம். மறுபடி போடச் சொன்னேன். ஆறு. மூன்றாம் தரமும் ஆறு.

"எழுதிக்கோ. மூணு விரல்னு எழுதாத, அவங்களுக்கு எத்தனை விரலோ என்னவோ," என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

பதினேழாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. பதிவு செய்யப்படும் சமையலறையில் அதே கதவு எண்ணில் வசிக்கும் குடும்ப உறுப்பினர்கள் மட்டுமே தயாரிப்பில் ஈடுபடலாம். மற்றவர்கள் ஈடுபட்டால் அது வீட்டுச் சமையலறை ஆகாது, தொழிற்கூடம் ஆகும். தொழிற்கூடத்துக்கு வேறு உரிமம், வேறு கட்டடம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு எண். பெரியவர், அதாவது அக்காவின் கணவர், நோயில் படுத்திருந்தபோது செய்த ஏற்பாடு அது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. தான் போன பிறகு மனைவியை யாரும் ஓரத்தில் உட்கார வைத்துவிடக் கூடாது என்று கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பி, வீட்டை இரண்டாகப் பதிந்து, அந்தப் பக்கத்தை அக்கா பேரில் எழுதி, தனி எண்ணும் வாங்கிவிட்டுத்தான் கண்ணை மூடினார். எங்கள் பக்கம் பதினான்கு. அவள் பக்கம் பதினான்கு ஏ. சமையலறை எங்கள் பக்கம் விழுந்தது. அதற்காகச் சுவரின் கடைசியில், கதவுகூட வைக்காமல், ஓர் ஆள் நுழைகிற வழி விட்டிருந்தோம். காலை ஐந்தரைக்கு அக்கா அந்த வழியாக வருவாள். நான் எழுந்து வரும்போது மாவு பிசைந்து மூடி வைத்திருப்பாள்.

ஆக, சட்டப்படி அக்கா எங்கள் சமையலறையில் நிற்கக் கூடாது. அக்கா இல்லாவிட்டால் சமையலறையில் எதுவுமே இல்லை. நானோ முட்டையை உடைத்தால் ஓடும் சேர்ந்து விழும்.

என் கணவர் குழாய் வேலை செய்பவர். அடைப்பு எங்கே இருந்தாலும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. விதியை இரண்டு தரம் படித்தார்.

"இவ்வளவுதானா? அண்ணி நம்ம எண்ணுக்கு மாறிட்டா முடிஞ்சுது. அந்த ஏ-வ ரத்து பண்ணிடலாம்."

"ரத்து பண்ணா அவங்க வீடு?"

"வீடு எங்க ஓடிப் போகுது? அங்கயேதான் இருக்கப் போறாங்க. காகிதத்துல மட்டும் ஒரே குடும்பம். நெஜத்துலயும் அப்படித்தானே இருக்கோம்?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. ஆனால் அந்தப் பக்க முன்னறையில் ஒரு கடை வைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க," என்றேன்.

"நீ சொன்னாத்தான் கேட்பாங்க."

இரண்டு நாளில், அக்கா எழுதித் தருவதுபோல் தட்டச்சு செய்த கடிதத்தோடு வந்தார். நான் முழுக்கப் படித்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தேன், புரிந்தது. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னால் யோசிப்பாள், யோசித்தால் வேண்டாம் என்பாள், வேண்டாம் என்றால் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்தேன். உரிமம் கைக்கு வந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே பூசி மெழுகினேன். தண்ணீர்ப் பரிசோதனை, மருத்துவச் சான்று, உறுதிமொழி என்று ஏழு காகிதம் இருந்தது. கடிதத்தை ஐந்தாவதாக வைத்தேன். அக்கா கையில் மாவோடு வந்தாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க போடணும்?"

காட்டினேன். ஐந்தாவதுக்கு வரும்போது என் விரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவே இல்லை.

ஆய்வுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். என்னைவிடச் சின்ன வயது. காலுக்கு உறை, தலைக்கு வலை, கையில் டார்ச் என்று சகலமும் அவரே கொண்டுவந்திருந்தார். குளிர்பெட்டியின் பின்னால் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மாவு டப்பாவின் மூடியைத் தடவி விரலைப் பார்த்தார். தயாரிப்பு நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அக்கா ஒரு தட்டு பிஸ்கட்டை ஓவனுக்குள் விட்டிருந்தாள், இன்னொரு தட்டு தயாராக இருந்தது.

"எத்தனை டிகிரி?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். விண்ணப்பதாரர் நான்தானே. எனக்குத் தெரியவில்லை. அக்காதான் "நூத்தி எழுபது" என்றாள். எவ்வளவு நேரம் என்றதற்கும் அக்காதான். மிச்ச மாவை என்ன செய்வீர்கள் என்றதற்கும் அக்காதான். நான் பொம்மை மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "இவ்வளவு சுத்தமா நான் ஹோட்டல்லகூடப் பார்த்ததில்ல," என்றார். என் கணவர் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஜெயித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

முதல் தட்டை எடுத்துவிட்டு அக்கா இரண்டாவதை ஓவனுக்குள் விட்டாள். அதிகாரி பாக்கெட் போடும் மேசையில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினார். ஐந்தாவதில் நின்றார்.

"ரெண்டாவது உறுப்பினர் நீங்களா?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஆமா."

"இத நான் உங்க முன்னாடி படிச்சுக் காட்டி ஒப்புதல் வாங்கணும். அப்படித்தான் விதி. தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த விதி இருபத்தோராம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. நான் பதினேழோடு நிறுத்திவிட்டேன்.

அதிகாரி நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரித் தெளிவாகப் படித்தார். பதினான்கு ஏ என்ற கதவு எண்ணில் தனிக் குடித்தனம் எதுவும் இல்லை. நான் பதினான்காம் எண் வீட்டில் என் கணவரின் தம்பியைச் சார்ந்து வசித்து வருகிறேன். மேற்படி தனி எண்ணையும் அதைச் சார்ந்த பதிவுகளையும் ரத்து செய்வதற்கு எனக்கு முழுச் சம்மதம்.

அக்கா அசையாமல் கேட்டாள். படித்து முடித்ததும் என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற என் கணவரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். என் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கையெழுத்து உங்களோடதா?" என்றார் அதிகாரி.

"என்னோடதுதான்."

"எழுதியிருக்கிறது உண்மைதானா?"

அக்கா கையுறையைச் சரிசெய்துகொண்டாள். "கையெழுத்து மட்டும்தான் என்னோடது. நான் இந்த வீட்டு ஆள் இல்ல. பக்கத்து வீடு. பதினாலு ஏ."

"அண்ணி!" என்று உள்ளே வந்தார் என் கணவர். "அது சும்மா காகிதத்துக்காக எழுதினது…"

"காகிதத்தப் பார்க்கத்தான் சார் என்னை அனுப்பியிருக்காங்க," என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை எடுத்து ஐந்தாம் காகிதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார், உறுப்பினர் பட்டியலில் அக்காவின் பெயர் மேலும் ஒரு கோடு. பொய்க் கடிதம் கொடுத்ததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. சமையலறை சுத்தமாக இருக்கிறது, உங்கள் ஒருத்தர் பேரில் மட்டும் பரிந்துரைக்கிறேன் என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "நீங்க மன்னிக்கணும். தயாரிப்பு நடக்கிறப்ப வெளியாட்கள் உள்ள நிக்கக் கூடாது," என்றார்.

அக்கா தலை வலையைக் கழற்றினாள். கையுறையைக் கழற்றி, மிதித்தால் திறக்கும் அந்தத் தொட்டியில் போட்டாள். "இன்னும் நாலு நிமிஷத்துல எடுத்துடு. அடிப்பக்கம் செவந்திருக்கான்னு பாரு, மேல பார்த்து ஏமாந்துடாத," என்று என்னிடம் சொன்னாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. சுவரின் கடைசியில் இருந்த வழியாக அந்தப் பக்கம் போனாள்.

அதிகாரி எழுந்து போய் அந்த வழியைப் பார்த்தார். "இது எங்க போகுது?"

என் கணவர் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "பக்கத்து வீட்டுக்கு."

"அப்ப இத அடைக்கணும். அடைச்சதுக்குப் போட்டோ அனுப்புங்க."

நாலு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. தட்டை வெளியே எடுத்தபோது பிஸ்கட் எல்லாம் ஓரம் கருகியிருந்தது.

சாயங்காலம் தெருவைச் சுற்றிப் போய் அக்காவின் வாசல் கதவைத் தட்டினேன். அந்தக் கதவை நான் தட்டியதே இல்லை. திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, நானும் நுழையவில்லை.

"அக்கா, நான் வேணும்னு…"

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அத நீ எப்ப படிச்ச? நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று சொல்லியிருக்கலாம். அவர்தான் செருகிவிட்டார், எனக்குத் தெரியாது என்று பழியை அவர் தலையில் கட்டியிருக்கலாம். அக்கா நம்பியிருப்பாள். நம்ப விரும்பினாள் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"முன்னாடி," என்றேன்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உன் புருஷன் கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன். நீ கேட்டிருந்தா யோசிக்காமக் குடுத்திருப்பேன்டி."

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. அவள் கதவைச் சாத்தினாள். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என் கணவர் வழியை அடைத்தார். மத்தியானம் ஆரம்பித்து மூன்று மணி நேரம். கடைசிச் செங்கல்லை வைக்குமுன் அந்தப் பக்கம் பார்த்து, "அண்ணி, தூசி வரும், துணிய எடுத்துடுங்க," என்று குரல் கொடுத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குற்றம்தான், ஆனால் அதைப் பங்கு போட்டுக்கொள்ள முடியவில்லை.

உரிமம் வந்தது. என் பெயர், பதினான்கு, ஒரு பதிவு எண், வட்ட முத்திரை. என் கணவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். கிராம் கணக்கு எல்லாம் என்னிடம் இருந்தது. பிஸ்கட்டுக்கு நூற்று எழுபது டிகிரி, ஆறு கிராம் உப்பு, பன்னிரண்டு நிமிடம். தராசில் நிறுத்துத்தான் போட்டேன். முதல் வாரம் ரொட்டி செங்கல் கணக்காக வந்தது. இரண்டாம் வாரம் நடுவில் குழி விழுந்தது. மூன்றாம் வாரம் பரவாயில்லை. வாடிக்கையாக ரொட்டி வாங்கும், எதிர்க் கட்டட மூன்றாவது மாடி ஆசிரியை மட்டும் போன் பண்ணி, "வேற யாராவது செய்றாங்களா? முந்தி மாதிரி இல்லயே," என்றார். நான்தான் செய்கிறேன் என்றேன். "அப்ப உடம்பு சரியில்லையா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

சில காலைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் நகரும் சத்தம் கேட்கும். ஐந்தரைக்கே கேட்கும். நான் மாவில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு அக்காவின் முன்னறையில் ஆள் வைத்து வேலை நடந்தது. ஓடு பதித்தார்கள், தண்ணீர்க் குழாய் இழுத்தார்கள். குழாய் இழுக்க வந்தவர் வேறு யாரோ. என் கணவர் அன்று பூராவும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது மாதம் முடியும்போது அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் நாலு பக்கக் காகிதம். நான் கதவை அகலமாகத் திறந்து ஒதுங்கி நின்றேன். அவள் வெளியிலேயே நின்றாள்.

"ஒரு கையெழுத்து வேணும். புதுசா சமையலறை வைக்கிறவங்க ஒட்டியிருக்கிற வீட்டுக்காரங்ககிட்ட ஆட்சேபணை இல்லன்னு வாங்கணுமாம். எனக்கு அந்தப் பக்கம் ரோடு. ஒட்டியிருக்கிறது நீங்கதான்."

நீங்க என்றாள். எங்கள் வீட்டைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"குடுங்கக்கா, போடறேன். எங்க போடணும்?"

"முழுசாப் படிச்சுட்டுப் போடு."

நின்றபடி படித்தேன். புகை, சத்தம், கழிவு நீர். எனக்கு எதிலும் ஆட்சேபணை இல்லை. மூன்றாம் பக்கம் தாண்டி நாலாம் பக்கத்துக்கு வந்தேன். கையெழுத்துக்குக் கொஞ்சம் மேலே அச்சில் இருந்தது அந்த வரி. விண்ணப்பதாரருக்கும் எனக்கும் இரத்த உறவோ திருமண வழி உறவோ எதுவும் இல்லை என உறுதி கூறுகிறேன்.

தலை நிமிர்ந்தேன். அக்கா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறவு இல்லன்னு போட்டிருக்கே, அக்கா."

"ஆமா."

"அது பொய் இல்லையா?"

"அத நீதான் சொல்லணும். அதுக்குத்தான் படிக்கச் சொன்னேன்."

அந்த வரியை அடித்தால் காகிதம் செல்லாது, அவளுக்கு அடுப்பு கிடையாது. வேறு யாரிடமும் அவள் போக முடியாது, இந்தப் பக்கம் நான் மட்டும்தான். பேனாவை எடுக்க உள்ளே போனேன். வேண்டுமென்றே கொஞ்சம் தேடினேன். அதற்குள் அவள் ஏதாவது சொல்லுவாள், போதும் கொண்டா என்று வாங்கிக்கொண்டு திட்டவாவது செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் வாசலில் சும்மா நின்றாள்.

சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெயரும் கதவு எண்ணும் தெளிவாக எழுதினேன்.

அக்கா வாங்கிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக, நான் எதிரில் நிற்க நிற்க, நாலு பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் மடித்தாள்.